மூன்றும் ஒரே ரகம் இல்லை

கதிரியக்கச் சிதைவு என்றாலே ஆல்பா, பீட்டா, காமா என்று ஒரே மூச்சில் சொல்லி, முதலாவதைக் காகிதம் தடுக்கும், அடுத்ததை அலுமினியத் தகடு தடுக்கும், கடைசிக்குக் காரீயம் வேண்டும் என்று ஒரு படம் போட்டு முடித்துவிடுவார்கள். தேர்வுக்கு அது போதும். அணுக்கருவுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் மூன்றும் வேறு வேறு கதை.

ஆல்பா சுலபம். இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த ஹீலியம் கரு வெளியேறுகிறது, யுரேனியம்-238 தோரியம்-234 ஆகிறது. அந்தத் துகளைக் கருவுக்குள் அடைத்து வைத்திருக்கும் ஆற்றல் தடையைத் தாண்டும் வலு அதற்குக் கிடையாது, குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவித்தான் வருகிறது என்று 1928இல் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் விளக்கினார். யுரேனியம்-238இல் அந்த வாய்ப்பு மிக அரிது என்பதால்தான் பாதி சிதையவே சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

எனக்குப் பிடித்தது பீட்டாதான். கார்பன்-14ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 6 புரோட்டான், 8 நியூட்ரான். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறியதும் ஏழுக்கு ஏழு, அதாவது நைட்ரஜன்-14. வெளியே வரும் எலக்ட்ரான் கருவுக்குள் ஒளிந்திருந்தது இல்லை, அப்போதுதான் பிறக்கிறது. இதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. ஒரே வகைக் கருவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஒரே ஆற்றலோடு வரவேண்டும் அல்லவா? வரவில்லை, ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் வந்தது, 1914இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் சாட்விக் அளந்தே காட்டிவிட்டார். மிச்ச ஆற்றல் எங்கே போனது? ஆற்றல் அழிவின்மை விதியையே கைவிடலாமா என்று நீல்ஸ் போர் யோசிக்கும் அளவுக்குப் போனது விஷயம். கண்ணில் படாத இன்னொரு துகள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று 1930இல் இன்னொரு இயற்பியலாளர் வொல்ஃப்காங் பவுலி துணிந்து சொன்னார். நியூட்ரினோ என்று பெயர் பெற்ற அந்தத் துகள் பிடிபட 1956 வரை ஆனது.

இதற்குத் தலைகீழும் உண்டு. புரோட்டான் நியூட்ரானாகி, எலக்ட்ரானைப் போன்றே ஆனால் நேர்மின்சுமை கொண்ட பாசிட்ரானை வெளியிடலாம் (பெட் ஸ்கேனில் பயன்படும் ஃபுளோரின்-18 இந்த வகை), இல்லையென்றால் அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் ஒன்றைக் கரு இழுத்துக்கொள்ளலாம். பொட்டாசியம்-40 பெரும்பாலும் கால்சியமாகிறது, சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும் இப்படி எலக்ட்ரானை விழுங்கி ஆர்கானாகிறது. பாறையின் வயதைக் கணக்கிடுவது அந்த ஆர்கானை வைத்துத்தான்.

சரி, காமா? அதில் தனிமமே மாறாது. கிளர்ந்த நிலையில் இருக்கும் கரு கூடுதல் ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிட்டு அடங்குகிறது, அவ்வளவுதான். கோபால்ட்-60 காமா கதிர் என்று எல்லோரும் சொல்கிறோமே, முதலில் பீட்டா சிதைவில் கோபால்ட் நிக்கல்-60 ஆகிவிடுகிறது, அப்புறம் அந்த நிக்கல் கருதான் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான்வோல்ட் (அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு) என இரண்டு காமாக்களை அடுத்தடுத்து விடுகிறது. பெயர் மட்டும் கோபால்ட்டுக்கு.