ஒரு வரிக்கு மூணு பீரியட்

பத்தாங்கிளாஸ் சயின்ஸ் புக்ல கார்பன் பாடத்துல எத்தனாயிக் அமிலத்தோட பயன்கள்னு ஒரு லிஸ்ட் வரும், அதுல ஒரு வரி, ரப்பர் பாலைக் கெட்டியாக்க பயன்படுதுன்னு. மத்த ஊர்ல பிள்ளைங்க அத மனப்பாடம் பண்ணிட்டு போயிரும். நான் பாடம் எடுக்கிறது கன்னியாகுமரி மாவட்டத்துல திருவட்டாறு பக்கம், ஜன்னல்ல எட்டிப் பாத்தா ரப்பர் தோட்டம், கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க வீட்டுக் கொடியில ஷீட் காயுது. இங்க இருந்துட்டும் அந்த வரிய சும்மா வாசிச்சுட்டுப் போக மனசு வரல்ல.

ஆனா மொத்தம் 23 பாடம். அரையாண்டுக்கு முன்னாடி முக்கால்வாசி முடிக்கணும், ஸ்டாஃப் ரூம்ல யாரப் பாத்தாலும் "போர்ஷன் எங்க வந்துச்சு டீச்சர்"தான், சாப்ட்டியான்னு கூட யாரும் கேக்கமாட்டாங்க.

திங்கக்கிழமை பிள்ளைங்கள ரப்பர் பால் கொண்டு வரச் சொன்னேன். மழை. மழையில பால் வெட்டு (மரத்தக் கீறி பால் எடுக்கிறது) கிடையாதே, அது எனக்கே ஓர்மை வரல்ல. வியாழக்கிழமைதான் ஒருத்தன் கொண்டு வந்தான், கடைசி பெஞ்சு, எப்பவும் தூங்கி வழிவான். ஏன்னு அன்னைக்குதான் கேட்டேன். அம்மா விடியுமுன்ன ஹெட்லைட்ட நெத்தியில கட்டிட்டு வெட்டப் போவாங்களாம், இவன் பின்னால போயி சிரட்டையில இருந்து பால் எடுத்துட்டு ஸ்கூலுக்கு வரானாம்.

என் பீரியட் மதியத்துக்கு அப்புறம். பாட்டில தொறந்தா பால் திரிஞ்சு கட்டி கட்டியா கிடக்கு. "டீச்சர், இது ஒட்டுப்பால் மாதிரி ஆயிட்டு"ன்னு அவன் சிரிக்கான் (மரத்துலயும் சிரட்டையிலயும் தானா உறைஞ்சு கிடக்கும்ல, அதுதான் ஒட்டுப்பால்), எனக்கு அழுகை. அப்பம் ஒரு பிள்ளை கேட்டா, ஆசிட் ஊத்தாம எப்படி டீச்சர் உறைஞ்சுன்னு. அதுலயே ஒரு பீரியட் போச்சு. பால்ல ரப்பர் துகள் எல்லாம் எதிர் மின்சுமையோட ஒண்ண ஒண்ணு தள்ளிட்டு மிதக்கும், பாக்டீரியா பால்ல வளர்ந்து அமிலம் உண்டாக்குனா அந்த சுமை போயி ஒட்டிக்கிடும். அமோனியா ஊத்துனா ஏன் உறையாம இருக்குதுன்னும் அப்படியே சொல்லியாச்சு.

மறுநாள் சோசியல் சார்கிட்ட கெஞ்சி முதல் பீரியட் வாங்குனேன் (பி.டி. பீரியட் கேக்க முடியாது, பத்தாங்கிளாசுக்கு அது டைம்டேபிள்ல மட்டும்தான்). வீட்ல ஊத்துறது ஃபார்மிக் ஆசிட், கையில பட்டா பொள்ளிரும், அதனால நான் வினிகர் கொண்டு போனேன், அதுவும் எத்தனாயிக்தான, தண்ணி கலந்தது. ஊத்தி கலக்குன கொஞ்ச நேரத்துல தயிராட்டம் உறைஞ்சுட்டு. "ஆசிட் கூடிப்போனா ஷீட் வெறைச்சுப் போவும் டீச்சர்"னு அவன் சொன்னான், புக்ல இல்லாத விஷயம். புக்ல எத்தனாயிக், உங்க வீட்ல ஏன் ஃபார்மிக்னு கேட்டு, ஒண்ணுல ஒரு கார்பன் இன்னொண்ணுல ரெண்டு, படிவரிசை (ஒரே மாதிரி சேர்மங்கள் வரிசையா கார்பன் கூடிட்டே போறது), பேர் வைக்கிற விதி எல்லாம் அந்த ரெண்டு பாட்டில வச்சே ஓட்டிட்டேன். மூணாவது பீரியட் நோட்ஸ் எழுதவே சரியாப் போச்சு.

அதுக்கு விலை, சோப்பு டிடர்ஜென்ட் பகுதிய ஒரே பீரியட்ல ரயில் மாதிரி ஓட்டுனேன். எல்லா பாடத்துக்கும் இப்படி பண்ண முடியாது, பண்ணவும் மாட்டேன். மோல் கணக்குக்கெல்லாம் நான் எதையும் கொண்டு போறதில்ல, இருபது கணக்கு போடு, அவ்வளவுதான்.

போன வாரம் டெஸ்ட்ல எத்தனாயிக் பயன்கள் ரெண்டு எழுதுகன்னு குடுத்தேன். அவன் ரப்பர் பாலப் பத்தி ஒரு பக்கம் எழுதிருக்கான், அமோனியா வரைக்கும். ரெண்டாவது பயன் எழுதல்ல. ஒரு மார்க்தான் போட முடிஞ்சு. பேப்பர வாங்கிப் பாத்துட்டு, "அப்பம் சோப்பு எப்பம் செய்யப் போறோம் டீச்சர், வீட்ல தேங்கெண்ணெய் இருக்கு"ன்னு கேக்கான். அரையாண்டுக்கு இன்னும் பன்னெண்டு நாள்.