தொட்டுப் பார்க்கக் கேட்டவரின் மலையில்

என் அம்மாவுக்குக் கும்பிடுவது என்றால் கையால் கும்பிடுவதுதான். சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, அந்த விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்ட பிறகே செபம் தொடங்கும். சுரூபம் எட்டாத உயரத்தில் இருந்தால் பீடத்தின் விளிம்பையாவது தொட்டாக வேண்டும். தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவரை அழைத்துக்கொண்டு, இயேசுவின் சீடரான தோமையாரின் பெயர் சொல்லும் சென்னையின் மூன்று தலங்களுக்கும் போனேன்.

காலையில் முதலில் சைதாப்பேட்டை சின்னமலை. போர்த்துக்கீசியர் 1551இல் கட்டிய கோயிலை ஒட்டி இருக்கிறது அந்தக் குகை. குனியாமல் உள்ளே போக முடியாது. அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். உள்ளே மெழுகுவர்த்தியின் வெக்கை, பாறையின் ஈரவாடை. பக்கவாட்டில் சிறிய திறப்பு ஒன்று. விரட்டி வந்தவர்களிடம் சிக்காமல் தோமையார் இதன் வழியே வெளியேறிப் பெரிய மலையான பரங்கிமலைக்குப் போனார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அதன் அருகே பாறையில் இருக்கும் பதிவை அவருடைய கைத்தடம் என்கிறார்கள். அம்மா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "பெரிய கைதான்" என்றார், வளையல் கடையில் அளவு பார்ப்பவரைப் போல.

மெட்ரோவில் ஆலந்தூர் போய், வண்டி மாறிப் பரங்கிமலை. மலைக்கு மேலே வரை சாலை இருக்கிறது, ஆட்டோவும் போகும். ஆனாலும் படியேறித்தான் வருவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். இந்தப் படிகளைக் கட்டித் தந்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்; 18ஆம் நூற்றாண்டுக்காரர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டியவரும் அவரே. அம்மா படிகளை எண்ணிக்கொண்டே வந்தார். பாதியில் மூச்சு வாங்கியது, எண்ணிக்கை தவறியது, இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலை ஒன்றின் அருகே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஒரு பழங்கதையைச் சொன்னேன். 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' நூலில் வருவது. எந்தச் சீடர் எந்த நாட்டுக்குப் போவது என்று சீட்டுப் போட்டார்கள். தோமாவுக்கு, அதாவது நம் தோமையாருக்கு, இந்தியா விழுந்தது. அவர் மாட்டேன் என்றார். நான் எபிரேயன், இந்தியர்களிடம் போய் எப்படிப் போதிப்பேன் என்று வாதாடினார். இரவில் இயேசு தோன்றிச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், தச்சு வேலை தெரிந்த ஆளைத் தேடி வந்த ஆப்பான் என்ற வணிகரிடம், இவன் என் அடிமை என்று சொல்லி இயேசுவே அவரை விற்றுவிட்டார். "இவர் உன் எசமானரா?" என்று வணிகர் கேட்டபோது தோமாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம், என் ஆண்டவர் என்றார். மறுநாள் கப்பல் ஏறிவிட்டார். இது சரித்திரம் அல்ல, கதைதான். ஆனால் தோமாவின் குணம் தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குப் படும். யோவான் நற்செய்தியிலும் அவர் பேசுவதெல்லாம் இப்படித்தான். வழி தெரியாது என்றால் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறவர். பெத்தானியாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்" என்றவரும் இவர்தான்.

உயிர்த்த ஆண்டவர் முதலில் வந்த மாலையில் மற்றச் சீடர்கள் அச்சத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். தோமா அங்கே இல்லை. எங்கே போயிருந்தார் என்று யோவான் எழுதவில்லை. கதவுக்கு வெளியே நடமாடிக்கொண்டிருந்தார் என்பது வரை உறுதி. காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று பிறகு அவர் சொன்னதற்காகச் சந்தேகத் தோமா என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஆணித் தழும்பில் விரலை விடவேண்டும் என்று கேட்டாரே தவிர, அவர் தொட்டார் என்று நற்செய்தியில் எழுதவில்லை அம்மா. பார்த்த மாத்திரத்தில் 'நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்' என்று சொல்லிவிட்டார்" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதாவிட்டால் என்ன? வந்து தொடு என்று அவரே கையை நீட்டியிருக்கிறார். தொடாமல் இருக்க முடியுமா? தொட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தாழ்வாகப் போயின. கோயில் சிறியதுதான், 1523இல் கட்டியது. பீடத்தில் அந்தக் கற்சிலுவை. 1547இல் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துகள். 1558 டிசம்பர் 18ஆம் நாள் திருப்பலி நேரத்தில் அதிலிருந்து இரத்தம் கசிந்ததாகச் சொல்கிறார்கள். 1704 வரை பல முறை அப்படி நடந்ததாம். தோமையார் தம் கையால் செதுக்கியது என்பது மரபு. எழுத்தை ஆராய்ந்தவர்களோ பல நூற்றாண்டு பிந்தியது என்கிறார்கள். எனக்கு ஆராய்ந்தவர்கள் சொல்வதே சரியாகப் படுகிறது. ஆனாலும் கிபி 72இல் செபித்துக்கொண்டிருந்த அவரை ஈட்டியால் குத்திய இடம் இதுவே என்று நம்பி வந்தவர்களின் நடுவில் முழங்காலிட்டபோது, அதைப் பற்றி வாதாடத் தோன்றவில்லை. சிலுவை எட்டவில்லை. அம்மா பீடத்துக்கு முன்னால் தரையைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்.

மயிலாப்பூர் சாந்தோம் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. இப்போதுள்ள உயர்ந்த வெள்ளைக் கோயில் 1896இல் கட்டி முடிக்கப்பட்டது. கீழே தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம். எலும்புகளின் பெரும்பகுதி முற்காலத்திலேயே இன்றைய துருக்கியிலுள்ள எதேசாவுக்குப் போய், அங்கிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போய்விட்டது. அது தெரிந்தும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தபோது, புனிதர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப் போய்த் தண்ணீரில் கலந்து காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

கண்ணாடிக்கு அப்பால் தோமையாரின் சாய்ந்த சுரூபம். அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் மூன்று முறை ஒற்றினார். பக்கத்து வீட்டுப் பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறாராம், அவருக்கு. அதை நான்காக மடித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.