அணையாத பிரேக் விளக்கு

சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் காரின் பின்புறச் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தால், பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது ஒயரிங்கைத்தான். ஆனால் இருபது வயதைத் தாண்டிய கார்களில் இந்தக் கோளாறுக்குக் காரணம் பல நேரங்களில் மின்சாரமே அல்ல. பிரேக் பெடலின் தண்டில் செருகப்பட்டிருக்கும், சட்டைப் பொத்தான் அளவேயுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டுதான். என்னிடமுள்ள 2001ஆம் ஆண்டு செடானில் இதுதான் நடந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒரு பட்டறையில் பிரேக் விளக்கை இயக்கும் சுவிட்சைப் புதிதாக மாற்றி, அதற்கும் கூலிக்கும் பணம் வாங்கிக்கொண்டு, கோளாறை அப்படியே விட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான கார்களில் பிரேக் விளக்குக்கான மின்சாரம் சாவியைச் சார்ந்திருப்பதில்லை; வண்டி அணைந்து நின்றாலும் பெடலை மிதித்தால் விளக்கு எரியும். பின்புறம் இருக்கும் சாதாரண பல்புகள் இரண்டும் தலா 21 வாட். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறத்தாழ மூன்றரை ஆம்பியர் இழுக்கும். சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, புதிதாகவே இருந்தாலும், இந்தச் சுமையைப் பத்து மணி நேரம்தான் தாங்கும். பழைய பேட்டரியென்றால் விடிவதற்குள் படுத்துவிடும். எங்கள் குடியிருப்பின் காவலாளி இரவில் அழைத்து, “சார், வண்டியப் பூட்டிட்டுப் போயிட்டீங்க, பின்னாடி பிரேக் லைட்டு எரிஞ்சிட்டே இருக்கு” என்று சொல்லியிராவிட்டால், மறுநாள் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருந்திருக்கும். பேட்டரியைவிடக் கவலைப்பட வேண்டியது சாலையைப் பற்றி. எப்போதும் எரியும் விளக்கு எதையும் சொல்லாத விளக்கு. நெடுஞ்சாலையில் நாம் உண்மையிலேயே பிரேக் அடிக்கும்போது பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அது தெரிய வழியில்லை. கியர் தானாக மாறும் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிங் நிலையிலிருந்து கியர் நகரும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு பலவற்றில் இந்த சுவிட்சை நம்பியே இருக்கிறது. சுவிட்சின் மின்னிணைப்பு எப்போதும் துண்டிக்கப்படாமலே இருந்தால் பிரேக்கைத் தொடாமலே கியர் நகர்ந்துவிடும்.

சுவிட்ச் வேலை செய்யும் விதம் நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. பெடலை மிதிக்கும்போது அது எதையும் அழுத்துவதில்லை. கால் படாமல் இருக்கும்போதுதான் பெடலின் தண்டு, மேலே தாங்கியில் பொருத்தப்பட்டிருக்கும் சுவிட்சின் பிளஞ்சரை, அதாவது அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஊசியை, உள்ளே அழுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறது. மிதித்தவுடன் தண்டு விலக, ஸ்பிரிங்கின் விசையால் பிளஞ்சர் வெளியே வந்து விளக்கை எரியவைக்கிறது. இரும்பும் பிளஞ்சரும் நேரடியாக மோதி ஓசை எழுப்பாமல் இருக்கத் தண்டில் ஒரு துளையிட்டு, அதில் பிளாஸ்டிக்காலான சிறு ஸ்டாப்பர் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். வெயிலில் நின்று நின்று டாஷ்போர்டுக்கு அடியில் சேரும் வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் வெந்து, இறுகி, ஒருநாள் நொறுங்கிவிடுகிறது. அதன் பிறகு பிளஞ்சர் அந்தத் துளைக்குள்ளேயே புகுந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெடலை யாரோ மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் சுவிட்சுக்குத் தெரியும்.

இதற்கான தடயம் காலடியிலேயே கிடைக்கும். மிதியடியை உதறாமல் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். என் வண்டியில் பழுப்பு நிறத்தில், விரலால் நசுக்கினால் மாவாகிவிடும் துணுக்குகள் நாலைந்து பெடலுக்கு நேர் கீழே கிடந்தன. தலையைக் கீழே நுழைத்து மேலே பார்த்தால், தண்டில் வெறும் துளையும் அதற்குள் நீட்டிய பிளஞ்சரும் தெரிந்தன. பட்டறைக்காரர் மாற்றிய புது சுவிட்சும் அதே துளைக்குள்தான் புகுந்திருந்தது. சுவிட்சைக் கழற்றி மாட்டிய ஒருவர் அந்தத் துளையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தப் பாகத்தைத் தேடுவதற்கு முன் இரண்டு எளிய சோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. முதலில், கால் நுனியைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மெல்ல மேலே தூக்குங்கள். விளக்கு அணைந்தால், பெடல் முழுமையாகத் திரும்பி வரவில்லை என்று பொருள். திரும்பியிழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், தண்டு சுழலும் இடத்தில் துருவேறியிருக்கலாம், அல்லது சுவிட்ச் தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கலாம். அணையவில்லையென்றால் சுவிட்சின் ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கியதும் அணைந்தால் கோளாறு சுவிட்சிலோ ஸ்டாப்பரிலோதான் இருக்கிறது. சாக்கெட்டைத் திரும்ப மாட்டி, பிளஞ்சரை விரலால் முழுவதும் அழுத்திப் பார்த்தால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும்: விளக்கு அணைந்தால் ஸ்டாப்பர், அணையாவிட்டால் சுவிட்ச். பிடுங்கிய பிறகும் எரிந்தால், சுவிட்சைத் தாண்டிய ஒயரில் எங்கோ மின்சாரம் கலக்கிறது. அப்போது வெளிக்கடையில் பொருத்திய ஸ்பாய்லர் விளக்கு, டிக்கி மூடியின் கீல் அருகே மடிந்து மடிந்து உரிந்த ஒயர் ஆகியவற்றை எலக்ட்ரீஷியனிடம் காட்டலாம்.

விளக்கு முழு வெளிச்சத்தில் இல்லாமல் மங்கலாக எரிவது வேறு கதை. ஒரே பல்புக்குள் பார்க்கிங் விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என இரண்டு இழைகள் இருக்கும் வண்டிகளில், எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடலுக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லாவிட்டால் ஒன்றின் மின்சாரம் மற்றதன் வழியாக வேறு பாதை தேடி ஓடும். முகப்பு விளக்கைப் போட்டால் மட்டும் பிரேக் விளக்கு மினுக்கினால், பெடலுக்கு அடியில் குனிய வேண்டியதே இல்லை. பல்பு ஹோல்டரையும் எர்த் ஒயரையும் சுரண்டிச் சுத்தம் செய்தாலே போதும். அறுந்த இழை மற்றொன்றின் மீது சாய்ந்து ஒட்டிக்கொண்டாலும் இதே குழப்பம் வரும். பழைய வண்டியில் எல்இடி பல்பு மாட்டியவர்களுக்கு, ஹோல்டரில் ஈரமோ பச்சைக் களிம்போ இருந்தால் அதில் கசியும் சிறு மின்சாரமே மங்கலாக ஒளிரப் போதுமானது.

இன்னும் பழைய வடிவமைப்புகளில், எடுத்துக்காட்டாக வோக்ஸ்வாகன் பீட்டிலில், சுவிட்ச் பெடலில் இருக்காது. பெடலின் விசையை பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் பொருத்தப்பட்டு, அந்த அழுத்தத்தால் இயங்கும். அத்தகைய வண்டியில் விளக்கு அணையாவிட்டால் சுவிட்ச் கெட்டது என்று நினைப்பதற்கு முன், கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டுச் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாச் சக்கரங்களிலும் சூடு பறந்தால், ஆயிலின் அழுத்தம் இறங்காமல் பிரேக் உண்மையிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. விளக்கு சரியாகத்தான் சொல்கிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

ஸ்டாப்பர் உதிரிபாகக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பழைய துளையில் கட்டைவிரலால் அழுத்தினாலே உட்கார்ந்துவிடும். கிடைக்கும்வரை துளையில் தட்டைத் தலை போல்ட் ஒன்றை நட்டுடன் முடுக்கி வைப்பது பலரும் செய்யும் ஏற்பாடுதான், கெடுதல் இல்லை. இரவில் மட்டும் சமாளிக்க ஃபியூஸைப் பிடுங்குபவர்கள், சில வண்டிகளில் ஹாரனும் அதே ஃபியூஸில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, காலையில் மறக்காமல் மாட்டிவிட வேண்டும். நான் ஒப்பாத வழி, ஸ்டாப்பரை மாற்றாமல் சுவிட்சையே திருகி மேலும் கீழே இறக்கிவிடுவது. அது பெடலை எப்போதும் சற்று அழுத்தியே வைத்திருக்கும். பிரேக் மெல்ல உரசத் தொடங்கி, லைனிங் தேய்ந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

மாற்றிய பின் இருட்டில் வண்டியின் பின்புறத்தைச் சுவருக்கு நெருக்கமாக நிறுத்தி, பெடலை மிக மெதுவாக மிதியுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே, பெடல் அசைந்த மாத்திரத்தில் சுவரில் சிவப்பு படர வேண்டும். காலை எடுத்ததும் மறைய வேண்டும். கிளட்ச் பெடலிலும் பல கார்களில் இதேபோன்ற ஸ்டாப்பர் உண்டு, அதற்கும் அதே வயதுதான். எனவே கடையில் கேட்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள்.