மச்சான் பிடிக்காத கயிறு

பிப்ரவரி 6

இன்று தோப்பில் கயிறு ஓட்டினேன். கடலில் இல்லை, பனைகளுக்கு நடுவில். குகைக்குள் மூழ்கப் பழகுகிறவர்கள் முதலில் தரையில்தான் பழக வேண்டும். மரத்துக்கு மரம் சுற்றி நூறடி நைலான் கயிறு. கண்ணைக் கட்டிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, அதற்குள் கயிறு ஓட ஓட நடக்க வேண்டும்.

பாதியில் நின்றுவிட்டேன். கயிறு கருவேல முள்ளுக்குள் புகுந்து போயிருந்தது. கை நுழைகிறது, உடம்பு நுழையவில்லை. கட்டியதும் நானேதான். திருப்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றாமல் இழுத்துக்கொண்டு வந்ததால், கயிறு நகர்ந்து இடுக்கில் விழுந்துவிட்டது. குகையில் இது பெரிய ஆபத்து. கயிறு கையில் இருக்கும், ஆனால் அது போகிற வழியில் ஆள் போக முடியாது. முழங்கை முழுக்கக் கீறல். அவிழ்க்காமல் அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 9

அத்தாவிடம் சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் சங்கு குளித்தவர். அஞ்சு பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் தம் பிடித்து, மணலைத் தடவி, மடியில் சங்கோடு வந்தவர். "நவம்பர்ல மெக்சிகோ போறேன், குகைக்குள்ள இறங்கப் பழக" என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "தம் முடிஞ்சா என்ன செய்வே?"

அவருக்குத் தெரிந்த கடலில் பயம் வந்தால் ஒரே வழி, மேலே வருவது. தலையைத் தூக்கினால் வெளிச்சம் தெரியும். குகையில் தலையைத் தூக்கினால் பாறை. வந்த வழியேதான் திரும்ப வேண்டும், அது எவ்வளவு தூரமானாலும்.

முத்துக் குளித்த காலத்தில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வது உண்டு. கூடப்பிறந்தவள் வாழ்க்கை அந்தக் கயிற்றில் இருப்பதால் விடமாட்டான் என்று. அதைச் சொல்லிவிட்டு, "உன் கயித்த யாரு புடிப்பா?" என்றார்.

"யாரும் இல்லத்தா. பாறையில கட்டிட்டு உள்ள போவோம்."

எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 13

வீட்டில் மனைவியும் கேட்டாள், அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று. வாயால் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, அந்தப் பாறையை லட்சக்கணக்கான வருடங்களாகக் கரைத்துக் குடைந்திருக்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் இப்போதையதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது அந்தக் குகைகளில் தண்ணீர் இல்லை. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து கல்விழுதுகள் வளர்ந்தன. பிறகு கடல் ஏறியது, விழுதுகள் அப்படியே மூழ்கிப்போயின. நம் பாக் நீரிணையும் அந்தக் காலத்தில் தரைதான். இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சாக் ஆக்டுன் என்ற குகை பக்கத்துக் குகையோடு சேர்வது 2018இல் தெரியவந்தது. அப்போது சேர்த்து அளந்தது 347 கிலோமீட்டர். கீழக்கரையிலிருந்து திருச்சிக்குப் போவதைவிட அதிகம், அத்தனையும் தண்ணீருக்குள். அதே குகைத்தொகுதியில் ஓயோ நெக்ரோ என்ற ஆழ்குழியில் 2007இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். பதினைந்து பதினாறு வயது. சுமார் 12,000 வருடங்களுக்கு முன்பு, குகை காய்ந்திருந்தபோது, இருட்டில் தவறி விழுந்தவள். தெரிந்தவரை, அவளுக்குப் பிறகு அந்த இடத்துக்கு முதலில் போன மனிதர்கள் மூழ்காளிகள்.

அதுதான் என்னை இழுக்கிறது. ஆழம் இல்லை.

பிப்ரவரி 16

பயத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

ஃப்ளோரிடாவில் ஷெக் எக்ஸ்லி என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். குகையில் இறந்தவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, காரணங்களைச் சொன்னார்: வாசல்வரை தொடர்ச்சியாகக் கயிறு இல்லை, திரும்பக் காற்று வைக்கவில்லை, அளவுக்கு மீறிய ஆழம். காற்றுக்கு மூன்றில் ஒரு பங்குக் கணக்கு. சிலிண்டரின் அழுத்தமானி முள் 180 காட்டினால் 60 போக, 60 வர, மிச்சம் 60 தொடக்கூடாது. கூட வருபவரின் சிலிண்டர் கெட்டால் அவருக்கும் சேர்த்து வைப்பது அது. அப்படிச் சொன்னவரே 1994இல் மெக்சிகோவின் சகடோன் என்ற நீர்க்குழியில், மிகப் பெரிய ஆழத்துக்கு இறங்கியபோது இறந்தார். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2017இல் மயோர்காத் தீவில் இரண்டு பேர் கலங்கலில் கயிற்றைத் தவறவிட்டார்கள். ஒருவர் திரும்பத்தான் காற்று இருந்தது. நண்பர் வெளியே போக, சிஸ்கோ கிராசியா என்ற நிலவியல் ஆசிரியர் காற்று தங்கிய ஒரு குகையறையில் காத்திருந்தார். கிட்டத்தட்ட 60 மணி நேரம். தண்ணீரின் மேல்மட்டம் நன்னீராக இருந்ததால் அதைக் குடித்தார். பிழைத்துவிட்டார்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகை எல்லோருக்கும் தெரியும். 2018இல் அதில் சிக்கிய 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உள்ளே காற்றுச் சிலிண்டர் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் சமான் குனான் என்ற மீட்பு மூழ்காளி இறந்துபோனார். அந்தப் பெயரை மறக்கக் கூடாது.

பிப்ரவரி 21

காற்று. தண்ணீர் கலங்கல். இறங்கவில்லை.

பிப்ரவரி 27

நீவாடு (நீரோட்டம்) இல்லை, நல்ல தெளிவு. மச்சானை வல்லத்தில் வைத்துவிட்டு, மூணு பாகத்தில் கல்லுக்குக் கல் கட்டிக் கயிறு ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இழுத்துப் பார்த்து, ஒரு சுற்று. மணல் கிளம்பாமல் தவளை மாதிரி உதைக்க இன்னும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் என் பின்னால் புகைமூட்டம். கடலடியில் ஒரு கை மணல் இவ்வளவு மறைக்கும் என்றால், குகையின் மாவு போன்ற சேறு என்ன செய்யும்?

அழுத்தமானி முள் 120க்கு வந்தபோது இரண்டு பாகம் தள்ளி ஒரு சங்கு, மணலில் பாதி புதைந்து. பெரியது. சங்குகுளிக்காரன் பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? மேலே வானம் இருக்கிறது, சிலிண்டரில் காற்று இருக்கிறது, போனால் ஒன்றும் ஆகாது. ஆனால் இன்றைய கணக்கு குகைக் கணக்கு. மாஸ்க்கின் மேல் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுத் திரும்பினேன். வழியில் இரண்டு இடத்தில் கயிற்றில் அம்பு மாட்டியிருந்தேன், வெளியேறும் பக்கம் கூர்முனை. விரலால் தடவினால் போதும். முதல் கல்லைத் தொடும்வரை கயிறு கையை விட்டுப் போகவில்லை.

இதைவிடக் கஷ்டமாக நான் இதுவரை எதையும் செய்ததில்லை, அந்தச் சங்கை விட்டுவிட்டு வந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் 1

சாப்பிடும்போது அத்தாவிடம் சங்கைப் பற்றிச் சொன்னேன். எந்த இடம், எந்தக் கடலடிப் பார் ஓரம் என்று கேட்டார். எடுக்காமலா வந்தே என்று கேட்கவில்லை.

அஸருக்குப் பிறகு தோப்புக்குப் போனேன். கயிறு இன்னும் மரங்களில் அப்படியே இருந்தது. அத்தா தோளில் கிடந்த துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, விரலை வளையமாக்கி அதில் நடந்துகொண்டிருந்தார். கருவேல முள் வந்ததும் நின்றார். கையை உள்ளே விட்டுப் பார்த்தார், எடுத்தார். கயிற்றை விடாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்து, "இந்த எடத்துல அவுத்து அந்தப் பக்கமாக் கட்டு" என்றார்.

அவிழ்த்துக் கட்டினோம். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார்.