அப்பத்தா இன்னும் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் வீட்டில் இப்போதைக்கு அரசு கிடையாது. காபந்து அரசுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிமோட் அத்தையின் தலையணைக்கு அடியில். முன்னாள் முதல்வர் மொட்டை மாடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறாள். இவர் வழக்கம்போல வெளிநடப்பு, அதாவது டீக்கடை.

எல்லாம் அரையாண்டுத் தேர்வு செய்த வேலை. எட்டாம் வகுப்புக் குடிமையியலில் முதல் பாடமே 'மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது' என்பதுதான். பெரியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சட்டமன்றம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"வெளிநடப்பு செய்யுற இடம்."

யோசிக்கக்கூட இல்லை. பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த சின்னவன், "மைக்க ஆஃப் பண்ணிட்டாங்கன்னு சொல்லுற இடம்" என்று அவன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தான். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் செய்திச் சேனலை ஓடவிடாதீர்கள் என்று இவரிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

சரி என்று நோட்டில் 3 வட்டம் போட்டேன். சட்டம் போடுவது சட்டமன்றம். அதை நடத்திக் காட்டுவது நிர்வாகம். சரியா தப்பா என்று சொல்வது நீதிமன்றம். ஐந்தே நிமிஷத்தில் ஒப்பித்துவிட்டாள். ஒப்பித்துவிட்டு, "போன மழைல நம்ம தெரு சாக்கடை மூடி உடைஞ்சுச்சேம்மா, அது இதுல எந்த வட்டம்?" என்றாள்.

அது மாநகராட்சி, இந்த வட்டத்தில் வராது, உள்ளாட்சி எல்லாம் ஆறாம் வகுப்புப் பாடம் என்றேன். ஆறாம் வகுப்பு முடிந்ததும் மூடியையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள் போல. இன்னும் அந்த ஓட்டையில் யாரோ செருகிய வேப்பங்கொம்பு ஒன்றுதான் நின்றுகொண்டு வண்டிக்காரர்களை எச்சரிக்கிறது. அது எந்தத் துறை என்று எனக்குத் தெரியாது. நன்றாக வேலை செய்கிறது.

வட்டம் போட்டுப் புரியாது, வீட்டிலேயே அரசாங்கம் நடத்திப் பார்த்தால்தான் புரியும் என்று முடிவானது. வாய் மூடும் முன்னே பெரியவள் முதல்வராகிவிட்டாள். தேர்தல் எல்லாம் இல்லை. சின்னவன் ஆளுங்கட்சியின் ஒரே உறுப்பினர். இவர் பேப்பரை இறக்காமலே, "என்னை எதிர்க்கட்சில போட்ரு" என்றார். எதிர்க்கட்சிக்கு இலாகா கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நான் சபாநாயகர். ஓட்டு சமமாக வந்தால் மட்டுமே நான் ஓட்டுப் போடலாம். மற்ற நேரமெல்லாம் "அமைதி, அமைதி" என்று கத்த வேண்டும். இதற்குத் தனியாகப் பதவி வேறு எதற்கு? கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

அமைச்சரவையில்தான் முதல் சிக்கல். அரசியல் சாசனத்துக்கு 2003இல் வந்த 91ஆவது திருத்தப்படி, சபையின் மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கு 234 பேர், அதனால் 35 அமைச்சர்கள். எங்கள் சபையில் 4 பேர். பெரியவள் கணக்குப் போட்டுப் பார்த்தால் 0.6 அமைச்சர் வருகிறது. முழுசாக ஒரு ஆள்கூடத் தேறவில்லை. சின்னவன் உயரத்துக்கு அது சரியாக இருக்கும் என்று இவர் சொன்னதை அவைக் குறிப்பிலிருந்து நீக்கினேன். அப்புறம் பார்த்தால் அதே திருத்தத்தில், எவ்வளவு சின்ன மாநிலமானாலும் முதல்வரோடு சேர்த்து 12 பேருக்குக் குறையக் கூடாது என்றும் இருக்கிறது. ஆக, 4 பேர் இருக்கும் சபைக்கு 12 அமைச்சர்கள்! ஆள் இல்லாததால் இலாகாவை மட்டும் பிரித்தார்கள். சமையல், துவையல், ரேஷன், கேஸ் சிலிண்டர், பால் கணக்கு எல்லாம் என் தலையில். சபாநாயகர் அமைச்சராக இருக்கக் கூடாதே என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினேன். "அப்போ ராத்திரி தோசை யாரு சுடுவா?" என்றாள் முதல்வர். நிராகரிக்கப்பட்டது.

ஆளுநர் யார் என்ற கேள்வியே எழவில்லை. "அப்பத்தா கையெழுத்து இல்லாம நம்ம வீட்டுல என்ன நடந்திருக்கு?" என்றாள் பெரியவள். வாஸ்தவம். சோபா வாங்கியது, நான் வேலைக்குப் போனது, சின்னவனுக்குப் பேர் வைத்தது எதுவும் அங்கே போகாமல் நடந்ததில்லை. ஆளுநர் பதவிக்காலம் 5 வருஷம் என்று பாடத்தில் இருப்பதை வாசித்துக் காட்டியபோது அத்தை, "அஞ்சு வருசமா? யாரு, என்னையவா?" என்று ஒரு பார்வை பார்த்தார். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டோம்.

முதல் மசோதா வந்தது: 'மாலை ஏழு மணிக்கு மேல் ரிமோட் பகிர்வு மசோதா.' ஏழிலிருந்து எட்டு அப்பத்தா, எட்டிலிருந்து ஒன்பது பிள்ளைகள். எதிர்க்கட்சித் தலைவர் செய்திக்கு அரை மணி ஒதுக்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. வெளிநடப்பு செய்தார். மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. சின்னவன் போட்ட "ஆம்" எதிர்வீட்டு நாயைக் குரைக்க வைத்தது.

மேலவைக்கு அனுப்ப வேண்டாமா என்று கேட்டான் அவன். தமிழ்நாட்டில் மேலவை இல்லை என்று நான் சொல்வதற்குள், அத்தை உள்ளே இருந்து குரல் கொடுத்தார்: "அதான் எம்.ஜி.ஆர். கலைச்சுப்புட்டார்ல!" 1986இல் நடந்தது. அரிசி டப்பாவை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். இது மறக்காது.

மசோதா ஒப்புதலுக்குப் போனது. அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கினார், கண்ணாடியைப் போட்டு முழுசும் படித்தார், நாலாக மடித்து இடுப்புச் சுருக்குப் பைக்குள் வைத்தார்.

"பாப்போம்."

அவ்வளவுதான். மறுநாள் கேட்டாலும் பாப்போம், அதற்கடுத்த நாளும் பாப்போம். அரசியல் சாசனத்தின் 200ஆவது பிரிவில் ஆளுநர் என்னென்ன செய்யலாம் என்று இருக்கிறது. ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். பாப்போம் என்பது அதில் எங்கேயும் இல்லை. ஆனால் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட பலம்.

பெரியவள் லேசுப்பட்டவள் இல்லை. டியூஷனில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "2025 ஏப்ரல் 8இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே இருக்கு. தமிழ்நாட்டு வழக்குதான். 10 மசோதாவுக்கு ஒப்புதல் கிடைச்சதாவே வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஒரு மாசம், மூணு மாசம்னு கெடுவும் வச்சிருக்காங்க. அப்பத்தா சும்மா வச்சிருந்தா, போட்ட மாதிரின்னே நாங்க எடுத்துக்குவோம்" என்று நடுக்கூடத்தில் நின்று அறிவித்தாள்.

அப்போதுதான் எதிர்க்கட்சித் தலைவர் முதன்முறையாகப் பேப்பரை இறக்கினார். "அது பழசு. நவம்பர் 20இல் 5 நீதிபதிங்க உட்காந்து, ஆளுநருக்கு நாள் குறிக்க முடியாது, ஒப்புதல் கிடைச்சதா நீங்களே எடுத்துக்கவும் முடியாதுன்னு கருத்துச் சொல்லிட்டாங்க. ஆனா காரணம் இல்லாம காலத்துக்கும் வச்சிருக்கவும் கூடாது. அப்படி வச்சிருந்தா, ஒரு நியாயமான காலத்துக்குள்ள ஏதாவது முடிவு எடுங்கன்னு மட்டும் கோர்ட்டு சொல்லலாம்."

"நியாயமான காலம்னா எத்தனை நாளுப்பா?"

இவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அத்தைக்கு நாள் குறிக்க முடியாது என்கிற பகுதி மட்டும் காதில் விழுந்துவிட்டது. "எனக்குக் கெடு வைக்க எவனாலயும் முடியாதுன்னு கோர்ட்லயே சொல்லிட்டாய்ங்களா?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி ஒரு தோசை அதிகமாகவே சாப்பிட்டார்.

அரசு நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் மாடி வீட்டில் இருக்கிறது. வக்கீல் அக்கா தினமும் ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் ஹைகோர்ட்டு கிளைக்குப் போய் வருகிறவர். மதுரைக்கு அந்தக் கிளை 2004இல் வந்தது. எங்கள் மாடிக்கு அக்கா வந்தது போன சித்திரையில். பிள்ளைகள் போனபோது கோட்டைக்கூடக் கழற்றவில்லை, காபி போட்டுக்கொண்டிருந்தாராம். ரிமோட் வழக்கோடு சின்னவன் தனியாக ஒரு மனுவும் வைத்தான். டியூப் லைட்டை உடைத்ததற்காக நான் பிடுங்கி பீரோ மேல் வைத்திருக்கும் கிரிக்கெட் பேட்டுக்காக, ஆட்கொணர்வு மனு.

"ஆட்கொணர்வுன்னா ஆளைக் கொண்டாந்து நிறுத்தச் சொல்றதுடா. பேட்டுக்கு எப்படிப் போட முடியும்?"

"அதுக்குப் பேரு வச்சிருக்கேன் ஆன்ட்டி."

அந்த மனு தள்ளுபடி. ரிமோட் விவகாரம் அரசியல் சாசனம் சம்பந்தப்பட்டது, அதற்குக் குறைந்தது 5 நீதிபதிகள் வேண்டும், இங்கே ஒருத்திதான் இருக்கிறேன் என்று சொல்லி அக்கா வாய்தா போட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு கை மிக்சரோடு இருவரும் இறங்கி வந்தார்கள். போகிற போக்கில் தகுதி முறை வினவும் நீதிப்பேராணை என்று ஒன்றைச் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒருவர் எந்தத் தகுதியில் அந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பது. அன்றிலிருந்து இவர் "போய்ப் படிடா" என்றால், "நீங்க எந்தத் தகுதியில சொல்றீங்க?" என்கிறான். இவரும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்கிறார்.

இந்த இடத்தில்தான் ஆளுநர் காயை நகர்த்தினார். சீரியல் இடைவேளையில் சின்னவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடலை மிட்டாய் ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்து, தலையைக் கோதிவிட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. சின்னவன் அப்பா பக்கம் கையைத் தூக்கினான். அரசுக்கு 1, எதிராக 2. "கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985லயே வந்துருச்சு! இவன் பதவியப் பறிங்க!" என்று முதல்வர் கத்தினாள். பறிக்க வேண்டிய சபாநாயகரான நான் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு வந்திருந்தேன். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் விழுந்ததைச் சொல்லி, பெரிய பெரிய ஆளுக்கே நடந்திருக்கு என்று தேற்றப் பார்த்தேன். அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டது கூடப்பிறந்த தம்பி இல்லையே என்று அழுதாள். பதில் சொல்ல முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அத்தை அதற்குள் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பிவிட்டார். "எதுக்கும் பெரியவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, தன் பாணியில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

ராத்திரி பத்து மணிக்குப் பெரியப்பாவிடமிருந்து போன். "என்னம்மா, அம்மாவ டிவி பாக்க விடமாட்டேங்கிறீங்களாமே? கோர்ட்டுக்கெல்லாம் போயிருக்கீங்களாம்?"

இல்லைங்க, அது எட்டாம் வகுப்புப் பாடம் என்று ஆரம்பித்தேன். 3 வட்டத்திலிருந்து விளக்கினால்தான் புரியும். போனில் எங்கே வட்டம் போடுவது? மறுநாள் காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் நாத்தனார், வயசானவர்களிடம் அன்பாக இருப்பது பற்றி, சூரிய உதயப் படத்தோடு ஒரு செய்தி போட்டார். யாருக்கு என்று எழுதவில்லை. 11 பேர் கைகூப்பியிருந்தார்கள். அதில் எதிர்க்கட்சித் தலைவரும் ஒருவர்!

தேர்வு நடந்து முடிந்துவிட்டது. குடிமையியலில் ஆளுநர் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லையாம். நீதிமன்றமும் இல்லை. சட்டமன்ற உறுப்பினராகக் குறைந்தபட்ச வயது என்ன என்று ஒரு மார்க் வந்திருக்கிறது. 25. அதற்கு இவ்வளவு பாடு.

முந்தாநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. அம்மாவுக்குத் தனி டிவி. சரி, கூடத்து டிவி பிள்ளைகளுக்கு, மசோதாவே தேவையில்லை, பிரச்சினை தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன். அத்தை பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ரூம்ல தனியா உக்காந்து நான் என்னத்தப் பாக்க? யாராச்சும் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாத்தான சீரியலே புரியுது" என்றார். பெரியவள் அழுத மூஞ்சியோடு இருந்தவள், "நான் வாறேன் அப்பத்தா, எட்டு மணி வரைக்கும்" என்றாள். எட்டு மணி வரைக்கும் என்பதை அழுத்திச் சொன்னாள்.

டிவி மாட்டும் பையன் டிரில்லிங் மிஷினோடு வந்துவிட்டான். சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனரிடம் கேட்க வேண்டும். இவர் போன் போட்டார். ஓனர் பாப்போம் என்றிருக்கிறார்.