ஒலிவைனுக்குள் சிக்கிய தண்ணீர்

எரிமலை ஆய்வு என்றதும் கொதிக்கும் குழம்பின் ஓரம்தான் பலருக்கு நினைவு வரும். என் வேலையில் பெரும்பகுதி நுண்ணோக்கி முன்னால்தான். கடுகைவிடச் சிறிய ஒலிவைன் என்ற கனிமத்தின் படிகம், வெளிர்பச்சை. மெருகேற்றிப் பார்த்தால் உள்ளே பழுப்பாக ஒரு கண்ணாடித் துளி, 0.1 மி.மீ. அகலம்கூட இருக்காது. அதற்குள் ஒரு குமிழி. படிகம் வளரும்போது சிறைப்பட்ட பாறைக்குழம்புதான் அந்தத் துளி! அதில் கரைந்திருக்கும் தண்ணீரைத்தான் தேடுகிறேன்.

கடல்தட்டு, அதாவது கடலடியில் இருக்கும் பூமியின் பாறைத் தட்டு, இன்னொரு தட்டின் அடியில் அமிழும்போது, தன் கனிமங்களுக்குள் கட்டுண்ட நீரையும் கொண்டுபோகிறது. ஆழம் கூடக் கூட அழுத்தமும் வெப்பமும் அந்த நீரை வெளியே தள்ளுகின்றன. மேலிருக்கும் மேன்டில் (பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள அடுக்கு) பாறையில் அது ஏறியதும் உருகுநிலை இறங்கிவிடுகிறது. எரிமலை வரிசைக்கு நேர்கீழே தட்டு பெரும்பாலும் சுமார் 100 கி.மீ. ஆழத்தில் இருக்கும். குளிர்ந்த தட்டு இறங்கும் இடத்தில் பாறை ஏன் உருகுகிறது என்பதற்கு இதைவிட அழகான விடை எனக்குத் தெரியாது.

தட்டுகள் விலகும் நடுக்கடல் முகடுகளில், பசால்ட் என்ற கரும்பாறையாக உறையும் குழம்பில் பொதுவாக அரை சதவீத நீர்கூட இருக்காது. அமிழ்தல் மண்டலத்துப் பசால்ட் குழம்பிலோ எடையில் சராசரியாக 4 சதவீதம். வெடிப்பின் மூர்க்கம் அதிலிருந்துதான்.

மாதிரி எடுப்பதில் நான் பிடிவாதக்காரன். குழம்பு ஓட்டத்தில் கிடைத்த படிகத்தை நம்பமாட்டேன். மெதுவாகக் குளிர்வதால் நீரின் ஹைட்ரஜன் படிகத்தின் வழியே கசிந்துவிடும். சீறி வந்து காற்றிலேயே குளிர்ந்த சாம்பல் துகள்தான் வேண்டும். குவாத்தமாலாவின் ஃபுவேகோ எரிமலை 1974-இல் கக்கிய சாம்பல் இத்துறைக்குப் பொக்கிஷம்.

குமிழியையும் விடக்கூடாது. கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு அதற்குள் போய்விடுகிறது. ஆழம் கூடினால் குழம்பில் கரையும் இந்த வாயுவும் கூடும் என்பதால், கண்ணாடியை மட்டும் அளந்தால் குழம்பு சிறைப்பட்ட ஆழம் குறைவாகத்தான் வரும். அதனால் ராமன் நிறமாலைமானியில் (லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் கருவி) குமிழியைத் தனியாக அளக்கிறோம்.