தேவாசிரியன் விதானத்தில் முசுகுந்தன்

திருவாரூர்க் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் நேராகத் தியாகராசர் சந்நிதியை நோக்கி விரைவதுதான் இயல்பு. நாங்கள் முதலில் வெளிப்பிராகாரத்திலுள்ள தேவாசிரிய மண்டபத்தை நோக்கி நடந்தோம். அடியார்கள் கூடியிருக்கக் கண்டு சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடுவதற்குக் காரணமாக அமைந்த இடம் என்பது அந்த மண்டபத்தின் பெருமை. எங்களை அங்கே இழுத்தது அதன் விதானம். தியாகராசரை விண்ணுலகிலிருந்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த முசுகுந்தச் சக்கரவர்த்தியின் வரலாறு, மராட்டியர் ஆட்சிக்காலத்தை ஒட்டி அங்கே ஓவியமாக எழுதப்பட்டு, காட்சிக்குக் காட்சி கீழே தமிழில் விளக்கமும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கதை கயிலையில் தொடங்குகிறது. வில்வமரத்தடியில் இறைவனும் இறைவியும் அமர்ந்திருக்க, மேலே கிளையிலிருந்த குரங்கு ஒன்று இரவு முழுவதும் இலைகளைப் பறித்துப் பறித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அது பூசை என்று அதற்குத் தெரியாது. அன்று சிவராத்திரி என்பதும் தெரியாது. அறியாமல் செய்ததையும் அருச்சனையாக ஏற்ற பெருமான், மண்ணுலகில் அரசனாகப் பிறந்து ஆளும்படி அருளினார். அப்போது அந்தக் குரங்கு கேட்ட வரம்தான் இந்தக் கதையின் உயிர் என்று நான் கருதுகிறேன். எத்தனை பெரிய அரசு கிடைத்தாலும் உம்மை மறவாதிருக்க இந்தக் குரங்கு முகம் மட்டும் எனக்கு மாறாதிருக்க வேண்டும் என்று அது வேண்டியது. ஆகவே விதானத்தில் எங்கு பார்த்தாலும் முடியும் அணிகலன்களும் பட்டாடையும் பூண்ட ஓர் அரசன், குரங்கு முகத்தோடு கொலுவீற்றிருக்கிறான், போருக்குப் புறப்படுகிறான், கைகூப்பி நிற்கிறான். ஓவியர் எந்த இடத்திலும் அந்த முகத்தைக் கேலிக்குரியதாக எழுதவில்லை. அவனைச் சூழ்ந்து நிற்பவர்களின் பார்வையிலும் மரியாதையே தெரிகிறது.

கருவூரிலிருந்து முசுகுந்தன் ஆண்டதாகக் கந்தபுராணம் கூறுகிறது. வசிட்டரிடம் கேட்டறிந்து முருகனுக்குரிய விரதங்களை அவன் நோற்றான் என்றும், அதன் பயனாக முருகனின் படைத்தலைவரான வீரவாகு முதலானோரே மண்ணுக்கு வந்து அவனுக்குப் படைத்துணையாக நின்றனர் என்றும் அந்நூல் விரித்துரைக்கிறது. அவன் ஆட்சியின் எல்லை, வரி, வழக்கு பற்றியெல்லாம் புராணம் அதிகம் பேசுவதில்லை. நீதி வழுவாத ஆட்சிக்குத் திருவாரூரில் மனுநீதிச் சோழனும் அவன் கல்தேரும் இருப்பதால், முசுகுந்தனிடம் ஊர் எதிர்பார்த்தது வேறொன்றாக இருந்திருக்கலாம்.

வலாசுரனோடு நடந்த போரில் இந்திரன் முசுகுந்தனின் உதவியை நாடினான். வெற்றி கிடைத்தபின் அமராவதியில் விருந்து நடந்தது. அப்போது இந்திரன் அன்றாடம் பூசித்து வந்த தியாகராச மூர்த்தியை முசுகுந்தன் கண்டான். திருமால் பாற்கடலில் தம் மார்பின்மேல் வைத்து வழிபட்ட மூர்த்தி அது. அவருடைய மூச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் பெருமானும் உயர்ந்து தாழ்ந்து ஆடினார், அதுவே அசபா நடனம் என்பது திருவாரூர் மரபு. எது வேண்டுமானாலும் கேள் என்று இந்திரன் சொன்னதும் முசுகுந்தன் அந்த மூர்த்தியையே கேட்டுவிட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன், தேவதச்சனைக் கொண்டு அதே போன்ற ஆறு திருமேனிகளைச் செய்வித்து ஒவ்வொன்றாக நீட்டினான். ஆறையும் மறுத்த முசுகுந்தன் ஏழாவதை அடையாளம் கண்டுகொண்டபோது, வேறு வழியின்றி ஏழையும் இந்திரன் அவனிடமே ஒப்படைத்தான்.

பாகவதத்தில் வரும் முசுகுந்தன் இவனிலிருந்து வேறுபட்டவன். அவனும் தேவர்களுக்காகப் போரிட்டவன்தான். ஆனால் களைத்துப்போய் உறக்கத்தையே வரமாகப் பெற்று ஒரு குகையில் நெடுங்காலம் துயின்றான், எழுப்பிய காலயவனன் அவன் பார்வையில் எரிந்துபோனான். அந்தக் கதைக்கும் தனி அழகு உண்டு. ஆயினும் போர் முடிந்ததும் ஓய்வைக் கேட்காமல் தெய்வத்தைக் கேட்ட அரசனைத்தான் காவிரிக் கழிமுகத்து மக்கள் தங்களுடையவனாக வைத்துக்கொண்டார்கள்.

விதானத்தின் பிற்பகுதியில் மூர்த்திகள் மண்ணுக்கு வரும் காட்சியும், திருவாரூர் வீதிகளில் நடக்கும் விழாவும் இருக்கின்றன. வாணவேடிக்கை, இசைக்கருவி வாசிப்போர், ஆடல் மகளிர் என்று ஓவியர் தம் காலத்துத் திருவாரூரையே அங்கே எழுதியிருக்கிறார். முசுகுந்தனின் யுகம் எங்கே, வாணவேடிக்கை எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. சில இடங்களில் சுண்ணப்பூச்சு உதிர்ந்து காட்சிகள் பாதியில் நின்றுபோயிருப்பதுதான் வருத்தம் தருகிறது. கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார்க்கப் போதிய நேரம் ஒதுக்கிக்கொண்டு வருவது நல்லது.

பிறகு உள்ளே சென்று மூலவரான புற்றிடங்கொண்டாரை வணங்கினோம். இந்தக் கோயிலில் வரலாறு அறிந்த பேரரசர் ஒருவரின் தடமும் உண்டு. தனக்கு நெருக்கமானவரான அணுக்கியார் பரவை நங்கையின் பொருட்டு முதலாம் இராசேந்திர சோழன் இக்கோயிலில் கற்றளிப் பணி, அதாவது கல்லால் கோயில் கட்டும் பணி, செய்வித்ததையும், அவ்விருவரும் வந்து நின்ற இடத்தைக் காட்ட ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதையும் கல்வெட்டு சொல்கிறது. கங்கை வரை படை நடத்தியவனை இங்கே நினைவூட்டுவது அந்தக் கல்வெட்டு வரிகள்தான். குரங்கு முகத்து அரசனுக்கோ மண்டபத்தின் கூரையே கிடைத்திருக்கிறது.

சாயரட்சை வேளையில் தேவர்களே வந்து தொழுவதாக ஐதிகம் இருப்பதால், மாலைவரை காத்திருந்து தியாகராசரைத் தரிசித்தோம். எதிரே நந்தி படுத்திராமல் நின்ற கோலத்தில் இருக்கிறது. பெருமானின் திருமுகம் மட்டுமே தெரிய, மற்றவையெல்லாம் ஆடையிலும் மாலைகளிலும் மறைந்திருந்தன. திருப்பாத தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டுமே கிடைக்கும். அமராவதியில் ஏழு மூர்த்திகளுக்கு நடுவே இந்த முகத்தை முசுகுந்தன் எப்படிக் கண்டுகொண்டான் என்பதை அந்தத் தீபாராதனையின்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. உண்மையான மூர்த்தியே குறிப்புக் காட்டியதாகச் சொல்வார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்திரன் கொடுத்த மற்ற ஆறையும் முசுகுந்தன் ஒதுக்கிவிடவில்லை. திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் ஆகிய தலங்களில் அவற்றையும் எழுந்தருளச் செய்தான். ஒவ்வொன்றிலும் பெருமானுக்கு ஒரு நடனம் சொல்லப்படுகிறது. ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்ட திருமேனிகளுக்கும் கோயிலும் பூசையும் அமைத்ததே அவன் செய்த செயல்களில் எனக்கு மிகவும் பிடித்தமானது. மகனுக்கு முடிசூட்டிவிட்டு அவன் தவத்திற்குச் சென்றான் என்பதோடு அவன் கதை முடிகிறது. எங்கள் பயணம் மறுநாள் திருத்துறைப்பூண்டிச் சாலையில் தொடர்ந்தது. முதலில் குக்குட நடனத்துக்குரிய, அதாவது சேவல் போன்ற ஆடலுக்குரிய, திருக்காறாயில், அதன் பிறகு திருக்குவளை.